காராக் சாலையில் ஒரு பழைய எரிமலை

கோலாலம்பூரிலிருந்து குவாந்தானுக்குக் காரிலோ பேருந்திலோ போயிருக்கிறீர்களா? கோம்பாக்கைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கும். காது அடைக்கும். சற்று நேரத்தில் கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வந்துவிடும். அந்த இடத்தில் பெரும்பாலோர் தேநீர் குடிக்க இறங்குவார்கள், அல்லது நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த முறை விழித்திருங்கள். சாலைக்காக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளில் அங்கே தெரியும் பாறைகளில் ஒரு பகுதி எரிமலைப் பாறை. டைனோசர்கள் பூமியில் தலைகாட்டத் தொடங்கியிருந்த ட்ரயாசிக் காலத்தில், இன்றைக்கு 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, தரைக்கு அடியிலிருந்து கொதித்து வந்து உறைந்த பாறை அது.

தீபகற்ப மலேசியாவில் இன்று உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? ஏன் நின்றுபோனது? பார்த்த சாட்சி யாரும் இல்லாத அந்தக் கதையை விஞ்ஞானிகள் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? விடை பாறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த விடையைப் படிக்கத் தெரிந்தால், கோலாலம்பூர் என்ற நகரம் இங்கே ஏன் உருவானது என்பதற்கும் பாதிக் காரணம் கிடைத்துவிடும்.

சுவைத்துப் பார்த்தால் சமையலறை தெரியும்

யாரோ ஒரு பொட்டலம் குழம்பு வாங்கி வந்து உங்கள் வீட்டில் வைக்கிறார்கள். எந்தக் கடை என்று சொல்லவில்லை. நீங்கள் ஒரு வாய் சுவைக்கிறீர்கள். புளி தூக்கலாக இருக்கிறது, தேங்காய்ப்பால் இல்லை, வெந்தயம் தெரிகிறது. சமையலறையைப் பார்க்காமலேயே உள்ளே என்னென்ன போட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

மாக்மா எனப்படும் பாறைக்குழம்பும் அப்படித்தான். அது உருவாகும் இடம் தரைக்கு அடியில் பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எந்த இயந்திரமும் அங்கே போக முடியாது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே உருகிய பொருள் மேலே வந்து உறைந்து பாறையாகும்போது, எது உருகியது என்ற தகவலையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

குழம்பு தரைக்கு மேலே வந்து விரைவில் குளிர்ந்தால் எரிமலைப் பாறை கிடைக்கும். அதில் மணிகள் மிகச் சிறியவை. தரைக்கு அடியிலேயே தங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகள் மெதுவாகக் குளிர்ந்தால் கிரானைட் போன்ற பெரிய மணிகள் கொண்ட பாறை கிடைக்கும். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவையாக இருக்கலாம். கெந்திங் செம்பாவின் எரிமலைப் பாறையும் அதைச் சுற்றியுள்ள தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட்டும் அப்படிப்பட்ட நெருங்கிய உறவினர்கள்.

பாறை ஏன் உருகுகிறது?

பூமிக்கு உள்ளே எல்லாம் திரவமாகக் கொதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நம் காலுக்குக் கீழே இருக்கும் மேலோடும், அதற்குக் கீழே இருக்கும் மேன்டில் என்ற தடித்த அடுக்கும் ஏறக்குறைய முழுவதும் திடப்பொருள்தான். அவை உருகுவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, அழுத்தம் குறைவது. பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது அல்லவா? ஆழத்தில் இருக்கும் மேன்டில் பாறையும் அதே நிலைமையில்தான் உருகாமல் இருக்கிறது. அது மெல்ல மேலே எழும்பும்போது அழுத்தம் குறைகிறது. வெப்பம் கூடாமலேயே உருகத் தொடங்குகிறது. இப்படிப் பிறப்பது பசால்ட் என்ற கறுத்த, கனமான பாறை. அதில் சிலிக்கா பாதியளவு இருக்கும்.

இரண்டாவது, தண்ணீர் சேர்வது. கடலடித் தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் சரிந்து இறங்கும்போது, தன்னோடு கடல்நீரையும் இழுத்துச் செல்கிறது. அந்த நீர் மேலே உள்ள மேன்டிலில் கசிந்து, அதன் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. இன்றைய சுமத்திரா, ஜாவா எரிமலைகள் இப்படிப்பட்டவை. அவற்றில் ஆண்டிசைட் என்ற நடுத்தரப் பாறை அதிகம். அதில் சிலிக்கா 60 விழுக்காடு அளவில் இருக்கும்.

மூன்றாவது, வெப்பம் சேர்வது. இரண்டு நிலத்துண்டுகள் மோதி மேலோடு தடித்துப்போனால், அடியில் அகப்பட்ட பழைய மணற்பாறை, களிமண்பாறை போன்றவை சூடேறி உருகும். இந்தக் குழம்பில் சிலிக்கா 70 விழுக்காட்டையும் தாண்டும். தரைக்கு அடியில் உறைந்தால் கிரானைட். மேலே வந்தால் ரியோலைட்.

ஆகவே, பாறையின் வேதியியலைப் பார்த்தால் சமையல் முறையை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பசால்ட் குழம்பு வழியில் தங்கி, அதிலிருந்து சில கனிமங்கள் உறைந்து வெளியேறினால், மிஞ்சும் குழம்பில் சிலிக்கா கூடிவிடும். அப்போது வேறு அடுப்பிலிருந்து வந்ததுபோல் அது வேடம் போடும். வேடத்தைக் கலைக்க இன்னொரு சாட்சி தேவை.

மாறாத முத்திரை

அந்தச் சாட்சியின் பெயர் ஸ்ட்ரோன்டியம். இந்தத் தனிமத்தில் எடை 86 கொண்ட அணுவும் 87 கொண்ட அணுவும் உண்டு. 86 எப்போதும் அதே அளவில் இருக்கும். 87 மட்டும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். ருபிடியம்-87 என்ற கதிரியக்க அணு சிதைந்து ஸ்ட்ரோன்டியம்-87 ஆக மாறுவதே காரணம். அது மிக மெதுவான மாற்றம். ருபிடியத்தில் பாதி சிதைவதற்கு ஏறக்குறைய 5,000 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே 450 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான்.

ருபிடியம் மேன்டிலில் தங்குவதைவிட மேலோட்டுக்கு வந்து சேரவே விரும்பும். அதனால் பழைய மேலோட்டில் ஸ்ட்ரோன்டியம்-87 நிறையச் சேர்ந்திருக்கும். மேன்டிலில் குறைவாக இருக்கும். மேன்டிலில் இந்த இரண்டு அணுக்களின் விகிதம் பொதுவாக 0.703, 0.704 என்ற அளவில் நிற்கும். பழைய மேலோட்டில் அது 0.710ஐத் தாண்டிப் போகும்.

இது ஏன் நல்ல சாட்சி? பாறை உருகினாலும், உறைந்தாலும், வழியில் சில கனிமங்களை உதிர்த்தாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. ஒரு பானைக் குழம்பிலிருந்து காய்களையெல்லாம் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சாற்றில் உப்பின் சுவை போய்விடுமா? அதைப்போலத்தான். பாறை உறைந்த பிறகு அதற்குள் சிதைந்த ருபிடியத்தின் பங்கை மட்டும் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டால், குழம்பு பிறந்த இடத்தின் முத்திரை கிடைத்துவிடும்.

காலத்தைச் சொல்வதற்கு வேறொரு சாட்சி இருக்கிறது. சிர்கான் என்ற கனிமம் பெரும்பாலும் உப்புத்தூளைவிடச் சிறியது. உறையும்போது தனக்குள் சிறிது யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யுரேனியம் தெரிந்த வேகத்தில் காரீயமாக மாறும். இரண்டையும் அளந்தால் சிர்கான் எப்போது உறைந்தது என்று கணக்கிடலாம். வெயிலும் மழையும் பாறையை மண்ணாக்கினாலும் சிர்கான் அழியாது. நம் நாட்டு மழைக்கு அது பெரிய வரம்.

குவாந்தானும் கோலாலம்பூரும் அந்நியர்களாக இருந்த காலம்

இப்போது இந்தச் சாட்சிகளை அழைத்துக்கொண்டு காராக் சாலைக்குத் திரும்புவோம்.

பகாங்கிலும் கிழக்குக் கரையிலும் கிடைக்கும் பழைய பாறைகளை முதலில் விசாரிப்போம். அங்கே பெர்மியன், ட்ரயாசிக் காலத்து ஆண்டிசைட்டும் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைகளும் இருக்கின்றன. கிழக்கின் கிரானைட் வகைகளுக்குச் சிர்கான் சொல்லும் வயது ஏறக்குறைய 29 கோடி ஆண்டுகளிலிருந்து 22 கோடி ஆண்டுகள் வரை. அவற்றின் ஸ்ட்ரோன்டியம் விகிதம் பொதுவாக மேற்கைவிடத் தாழ்வாக, மேன்டிலின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஹார்ன்பிளெண்ட் என்ற கரும்பச்சைக் கனிமமும் பலவற்றில் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்கின்றன: ஒரு கடலடித் தட்டு கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்கியது, தண்ணீர் மேன்டிலை உருக்கியது, இன்றைய சுமத்திராவைப்போல வரிசையாக எரிமலைகள் எழுந்தன.

அந்தக் கடல் எங்கே போனது? அதன் தடயம் பெந்தோங், ரவூப் வழியாக வடக்கும் தெற்குமாக ஓடும் ஒரு குறுகிய பட்டையில் இருக்கிறது. ஆழ்கடலில் வாழ்ந்த ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய செர்ட் பாறை அங்கே கிடைக்கிறது. கடலடித் தட்டின் அடிப்பகுதியைச் சேர்ந்த செர்பென்டினைட் பாறையும் கிடைக்கிறது. பழைய டெத்திஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு சமுத்திரம் இருந்து மறைந்த தையல் அது.

தையலுக்கு மேற்கே இருக்கும் நிலம் வேறு ஊர்க்காரர். அதற்குச் சிபுமாசு என்று பெயர். சீனா, சயாம், பர்மா, மலாயா, சுமத்திரா ஆகிய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். இந்தத் துண்டு கோண்ட்வானா என்ற தெற்குப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து வந்தது. தமிழ்நாடு இருக்கும் இந்திய நிலமும் அந்த நாளில் அதே கோண்ட்வானாவின் பகுதிதான். இன்று கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும் பத்துமலையும் இருப்பது சிபுமாசுவின் மேல். குவாந்தான் இருப்பது தையலுக்கு மறுபக்கம்.

ட்ரயாசிக் காலத்தில் இந்த இரண்டு நிலங்களும் மோதின. கடல் மூடியது. இறங்குவதற்குக் கடலடித் தட்டு இல்லாதபோது பழைய அடுப்பும் அணைந்தது. ஆனால் மோதலில் மேலோடு தடித்து, அடியில் இருந்த பழைய படிவுகள் சூடேறி உருகத் தொடங்கின. தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் இப்படிப் பிறந்தது. வயது சுமார் 23 கோடி முதல் 20 கோடி ஆண்டுகள். ஸ்ட்ரோன்டியம் விகிதம் 0.710க்கு மேல். இன்னும் வலுவான ஆதாரம் சிர்கானுக்குள் இருக்கிறது. சில சிர்கான் மணிகளின் நடுப்பகுதி 150 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. பழைய மேலோட்டில் இருந்த மணிகள் குழம்பில் முழுவதும் கரையாமல் தப்பித்து, தம்மைச் சுற்றிப் புதிய ஓட்டை வளர்த்துக்கொண்டன. குழம்பில் கரையாமல் கிடக்கும் புளியங்கொட்டையைப் பார்த்து, இதில் புளி போட்டிருக்கிறார்கள் என்று சொல்வதற்கு நிகரான சான்று இது.

அந்தக் கிரானைட் குழம்பில் ஒரு சிறு பகுதி கெந்திங் செம்பா பக்கத்தில் மேலே வந்து சேர்ந்தது. நீங்கள் சாலையில் பார்க்கும் எரிமலைப் பாறை அதுதான். அதில் சில இடங்களில் பைராக்சீன் என்ற கனிமம் இருக்கிறது. சிலிக்கா நிறைந்த குழம்பில் இது எளிதில் வராது. குழம்பு மிகச் சூடாகவும் தண்ணீர் குறைந்தும் இருந்ததை அது காட்டுகிறது.

கடைசிக் காட்சி குவாந்தானில். பந்தாய் பத்து ஈத்தாம் கடற்கரையின் கறுத்த கற்கள் பசால்ட். வயது 20 லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு. ஸ்ட்ரோன்டியம் முத்திரை நேராக மேன்டிலைக் காட்டுகிறது. சரியும் தட்டும் இல்லை, மோதலும் இல்லை. ஆழத்து மேன்டில் மெல்ல எழும்பி, அழுத்தம் குறைந்து உருகியது. 2015ஆம் ஆண்டு வாக்கில் குவாந்தானைச் செம்புழுதியால் மூடிய பாக்சைட் சுரங்க விவகாரம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். அந்தப் பாக்சைட் இந்தப் பசால்ட் மழையில் மக்கி உருவானது.

ஆக, ஒரே நிலத்துக்கு அடியில் அடுப்பு மூன்று முறை மாறியிருக்கிறது. முதலில் நீர் சேர்ந்த மேன்டில், பிறகு உருகிய பழைய மேலோடு, வெகுகாலம் கழித்து ஆழத்து மேன்டில்.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஈயம்

இதெல்லாம் தெரிந்து நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? நாம் இங்கே ஈயம் என்றே அழைக்கும் வெள்ளீயத்தைக் கவனியுங்கள்.

சாதாரண மேலோட்டில் ஈயம் மிக அரிது. பத்து லட்சம் பங்கில் 2 பங்கு அளவில்தான் இருக்கும். அதைச் சுரங்கம் வெட்டி எடுக்கும் அளவுக்குத் திரட்டியது தித்திவங்சாவின் குழம்பு. உருகிய பழைய படிவுகளில் கரிமப் பொருள் கலந்திருந்ததால் அந்தக் குழம்பில் ஆக்சிஜன் குறைவு. அந்த நிலையில் ஈயம், முதலில் உறையும் கனிமங்களுக்குள் புக முடியாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலும் இரண்டாம் பந்தியிலும் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈயமும் அப்படியே காத்திருந்தது. எல்லாம் உறைந்து, கடைசியில் மிஞ்சிய சிறிதளவு குழம்பிலும் சுடுநீரிலும் அது செறிந்தது. அந்தச் சுடுநீர் பாறை வெடிப்புகளில் பாய்ந்து, ஈயக்கல்லாக உறைந்தது.

பிறகு வேலை மழையுடையது. கிரானைட் மக்கியது. ஆறுகள் மண்ணை அடித்துச் சென்றன. மணலைவிட இரண்டரை மடங்கு கனமான ஈயக்கல் மட்டும் பள்ளத்தாக்குகளில் தங்கியது. கோலாலம்பூருக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையின் குழிகளும் அதைப் பிடித்து வைத்தன.

1857ஆம் ஆண்டு கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியாக அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் ஈயம் தோண்டினர். காய்ச்சலில் பலர் மாண்டனர். ஆனால் இரண்டு ஆறுகள் கூடும் சேற்றுக் கரையில் ஒரு நகரம் எழுந்தது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திசையில் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயில்வேயில் வேலை செய்ய வந்த தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். உங்கள் கொள்ளுத்தாத்தா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவரா? அப்படியானால் உங்கள் குடும்பக் கதையில் ஒரு வரியை எழுதியது 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய சேற்றுப்பாறை.

இன்னும் முடியாத வழக்கு

பழைய எரிபாறையை உருக்கிப் பிறந்த கிரானைட் ஒரு வகை, பழைய படிவுப்பாறையை உருக்கிப் பிறந்தது இன்னொரு வகை என்று 1974ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் சாப்பெல், வைட் என்ற இருவர் பிரித்துக் காட்டினர். கிழக்கு மலேசியத் தீபகற்பம் முதல் வகை, தித்திவங்சா இரண்டாம் வகை என்று பாடநூல்கள் எழுதின.

ஆனால் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்படப் பலர் தித்திவங்சா மாதிரிகளைத் திரும்ப ஆராய்ந்தபோது, எல்லாம் அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை. சில கிரானைட்டுகளில் ஹார்ன்பிளெண்ட் இருக்கிறது. சிலவற்றின் வேதியியல் முதல் வகையை ஒத்திருக்கிறது. படிவுப்பாறையோடு பழைய எரிபாறையும் உருகியிருக்குமா? மேன்டில் குழம்பும் சிறிது கலந்திருக்குமா? இந்த விவாதம் இன்னும் நடக்கிறது. பழைய மேலோடு பெரும்பங்கு வகித்தது என்பதில் ஐயமில்லை. எந்த அளவில் எது கலந்தது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண மாதிரிகள் வேண்டும். அதில்தான் சிரமம். நம் நாட்டு மழையும் வெப்பமும் பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக்கிவிடுகின்றன. புதிய பாறை தெரிவது கல்குவாரி, சாலை வெட்டு, ஆற்றுப்படுகை போன்ற இடங்களில்தான். சாலை வெட்டுகளும் சரிவைத் தடுக்கச் சிமெண்டு பூசி மூடப்படுகின்றன. பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் பின்னால் ஒரு சாட்சி வாய்மூடிப் போகிறது. அதனால்தான் மூடுவதற்கு முன்பே மாதிரி எடுத்து, இடத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் மிக முக்கியம்.

நீங்களே பாருங்கள்

உலு லங்காட்டில் சுங்கை காபாய் அருவிக்குக் குடும்பத்தோடு போனால், தண்ணீரில் கழுவப்பட்ட கிரானைட் பாறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். வெள்ளையாக, நீள்சதுரமாகத் தெரிவது பெல்ஸ்பார். கண்ணாடித்துண்டு போல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். கறுப்பாக, ஏடு ஏடாக மின்னுவது பயோட்டைட். குவாந்தான் போகும்போது பத்து ஈத்தாம் கடற்கரையில் ஒரு கறுத்த கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணிகள் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்து, இடத்தையும் தேதியையும் குறித்து, அருகருகே வையுங்கள். ஒன்று பழைய மேலோடு உருகி, ஆழத்தில் பொறுமையாக உறைந்தது. மற்றது மேன்டிலிலிருந்து நேராக வந்து சட்டென்று உறைந்தது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே காரில் மூன்று மணி நேரப் பயணம்தான். வழியில் கெந்திங் செம்பா வரும்போது மட்டும் தூங்கிவிடாதீர்கள்.